ஹோ ஜே யார்? கொரியாவின் ‘கூடைப்பந்து ஜனாதிபதி’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாகப் பார்ப்பவர்கள் இவரை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். கால்பந்து வலைக்கு முன்னால் மூச்சு வாங்க நிற்கும் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். கத்துவார், முறைப்பார், அடுத்த நொடியே குழந்தைபோலச் சிரிப்பார். ‘இந்த மாமா யார், ஏன் எல்லோரும் இவரிடம் இவ்வளவு மரியாதையாக இருக்கிறார்கள்?’ என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். அவருடைய ஆட்டத்தை நேசிக்கும் ஒருவன் எழுதுவது. ஆனாலும் அவர் சறுக்கிய இடங்களை மறைக்கவில்லை.

சுருக்கமாக, யார் இவர்?

1965-இல் பிறந்த தென் கொரியக் கூடைப்பந்து வீரர். உயரம் 188 செ.மீ. ‘ஹோ’ குடும்பப் பெயர், ‘ஜே’ இவருடைய பெயர். சியோலின் யோங்சான் உயர்நிலைப் பள்ளி, சுங்-ஆங் பல்கலைக்கழகம், கியா மோட்டார்ஸ் அணி, வோன்ஜு நகர அணி என்று ஆடி 2004-இல் ஓய்வு பெற்றார். 2005 முதல் 2015 வரை ஜியோன்ஜு கேசிசி அணியின் தலைமைப் பயிற்சியாளர். இரண்டு கட்டங்களில் தேசிய அணிக்கும் பயிற்சியாளர். 2019 முதல் தொலைக்காட்சி முகம்.

‘ஜனாதிபதி’ என்று ஏன் அழைக்கிறார்கள்?

கொரியாவில் ஒரு துறையில் எதிர்ப்பேச்சுக்கு இடமில்லாத முதல் ஆள் என்று சொல்ல இப்படி ஒரு பட்டம் கொடுப்பதுண்டு. கூடைப்பந்தில் அந்தப் பட்டம் ஹோ ஜேக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பிறகு அவரைவிட உயரமானவர்கள் வந்தார்கள், அதிகப் புள்ளி எடுத்தவர்களும் வந்தார்கள். பட்டம் மட்டும் அவரிடமே இருக்கிறது.

காரணம் அவர் ஆடிய விதம். தூரத்திலிருந்து எறிவார். உள்ளே நுழைந்து இரண்டு பேரை ஏமாற்றி இடது கையாலும் முடிப்பார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்து வேறொருவர் கையில் இருக்கும். பல்கலைக்கழக நாள்களில் டான்குக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 75 புள்ளி எடுத்தார். கல்லூரி ஆட்டம்தானே என்று தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்தில் கொரியக் கல்லூரி அணிகள் பெரிய நிறுவன அணிகளோடு ஒரே போட்டியில் மோதிக்கொண்டிருந்தன.

‘ஹோ-டோங்-டேக்’ என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். அது என்ன?

மூன்று பேரின் பெயர்களை வெட்டி ஒட்டியது. ஹோ ஜே, கங் டோங்-ஹீ, கிம் யூ-டேக். மூவரும் சுங்-ஆங் பல்கலைக்கழகத்துக்காரர்கள், மூவரும் கியாவில் சேர்ந்தார்கள். டேக் உயரமானவர், கூடைக்கு அடியில் நிற்பவர். டோங் பந்தைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுப்பவர். ஹோ எங்கு வேண்டுமானாலும் இருப்பவர்.

அப்போது கொரியாவில் தொழில்முறை லீக் கிடையாது. ‘நோங்கு தேஜான்சி’, அதாவது ‘கூடைப்பந்துப் பெருவிருந்து’ என்ற குளிர்காலப் போட்டிதான் எல்லாம். 1988-89 பருவத்திலிருந்து கியா அதைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1993-94-இல்தான் சங்கிலி அறுந்தது. அறுத்தது யோன்செய் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த மாணவர்களில் இருவரின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லீ சாங்-மின், சோ ஜாங்-ஹூன். இருவரும் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவார்கள்.

உலகப் போட்டியில் 62 புள்ளி எடுத்தாராமே, உண்மையா?

உண்மை. 1990-இல் அர்ஜென்டினாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் எகிப்துக்கு எதிராக 62. அந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் எடுத்த மிக அதிகப் புள்ளி அதுதான். பதக்கத்துக்கான ஆட்டம் இல்லை, கீழ் இடங்களைத் தீர்மானிக்கும் ஆட்டம். ஆனாலும் 188 செ.மீ. உயரத்தில் ஓர் ஆசியக்காரர் அந்தப் பட்டியலின் தலையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறாரா?

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடினார். தொடக்க விழாவில் எல்லா நாட்டு வீரர்கள் சார்பாகவும் உறுதிமொழி வாசித்த இருவரில் அவர் ஒருவர். இன்னொருவர் ஹேண்ட்பால் வீராங்கனை சோன் மி-னா. அப்போது ஹோ ஜேக்கு வயது 22. கொரியா அவரை எங்கே வைத்திருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

தோற்ற அணியில் இருந்துகொண்டே இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது வாங்கினார் என்கிறார்களே?

ஆமாம். ஹோ ஜே பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

கேபிஎல் என்ற தொழில்முறை லீக் 1997 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் கோப்பை கியாவுக்கு. ஆனால் அந்த ஆண்டின் விருதுகள் தோழர் கங் டோங்-ஹீக்குப் போயின. ஹோ ஜேக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவர் காலம் முடிந்தது என்ற பேச்சு கிளம்பியிருந்தது.

அடுத்த பருவம், 1997-98. இறுதிப் போட்டியில் எதிரே டேஜான் ஹ்யுண்டாய். லீ சாங்-மின் அங்கே இருந்தார். ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர். ஹோ ஜேயின் வலது கையில் எலும்பு முறிவு. ஆட்டத்தின் நடுவில் கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் வேறு. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். எறிகிற கையிலேயே முறிவு என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தத் தொடரில் அவருடைய சராசரி 23 புள்ளி, 6.4 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போட வழிசெய்யும் பாஸ்).

கியா 3-4 என்று தோற்றது. கோப்பை ஹ்யுண்டாய்க்கு. ஆனால் சிறந்த வீரர் விருதுக்கு வாக்களித்தவர்கள் ஹோ ஜே பெயரை எழுதினார்கள். வழக்கமாக வென்ற அணிக்குத்தான் அந்த விருது போகும். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை, அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழிந்தும் நடக்கவில்லை. ஹ்யுண்டாய் ரசிகர்கள்கூட அதை எதிர்த்துப் பெரிதாக வாதிடுவதில்லை.

அந்தப் பருவத்தோடு அவர் கியாவிலிருந்து விலகினார். வீரர் பரிமாற்றத்தில் வோன்ஜு நகரின் நாரே அணிக்குப் போனார்.

அப்படியானால் அதன்பின் கோப்பையே இல்லையா?

உண்டு, ஆனால் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. வோன்ஜு மலைப்பாங்கான காங்வோன் மாகாணத்தில் இருக்கும் நகரம். அணியின் பெயர் நாரே, சாம்போ, டிஜி என்று மாறிக்கொண்டே வந்தது. 2002-இல் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், கிம் ஜூ-சுங் என்ற 205 செ.மீ. இளைஞர் முதல் தேர்வாக உள்ளே வந்தார். 37 வயது ஹோ ஜே ஆட்டக்காரராகவும் துணைப் பயிற்சியாளர்போலவும் இருந்து, 2002-03 இறுதியில் டேகு ஓரியன்ஸை 4-2 என்று வீழ்த்தினார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஜோன் சாங்-ஜின். இந்தப் பெயரும் கடைசியில் திரும்ப வரும்.

பயிற்சியாளராக எப்படி?

ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் பயிற்சி முறைகளைக் கவனித்துவிட்டு, 2005-இல் ஜியோன்ஜு கேசிசி அணிக்கு வந்தார். அந்தக் கேசிசி யார் தெரியுமா? 1998-இல் அவரைத் தோற்கடித்த அதே டேஜான் ஹ்யுண்டாய்தான். 2001-இல் கைமாறி, ஊர் மாறி, பெயர் மாறியிருந்தது.

பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். இரண்டாம் பருவத்திலேயே கடைசி இடம். 2007-இல் சோ ஜாங்-ஹூனை வாங்கினார்கள். அதற்கு ஈடாக, ஊரே கொண்டாடிய லீ சாங்-மின் சாம்சங் அணிக்குப் போய்விட்டார். ஜியோன்ஜு ரசிகர்கள் கொதித்தார்கள். 2008 டிராஃப்ட் குலுக்கலில் கேசிசிக்கு முதல் சீட்டு விழுந்தது. 221 செ.மீ. உயரமுள்ள ஹா சுங்-ஜின் கிடைத்தார். இனி யாராலும் தடுக்க முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இரண்டு ராட்சதர்களை ஒன்றாக வைத்து ஆட முடியவில்லை. தொடர் தோல்விகள். டிசம்பரில் சோ ஜாங்-ஹூன் வேறு அணிக்குக் கைமாறினார். பதிலுக்குக் கங் ப்யுங்-ஹ்யுன் போன்ற ஓடும் கால்கள் வந்தன. அணி மெல்ல எழுந்தது. 2009 இறுதியில் எதிரே சாம்சங், அதில் லீ சாங்-மின். ஏழாவது ஆட்டம் வரை போய் 4-3 என்று கேசிசி வென்றது.

கேபிஎல்லில் வீரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் கோப்பை வென்ற முதல் மனிதர் ஆனார் ஹோ ஜே. அடுத்த ஆண்டு இறுதியில் தோல்வி. 2010-11-இல் மீண்டும் கோப்பை. அதன்பின் ஹா சுங்-ஜின் ராணுவச் சேவைக்காக விலகி நிற்க, அணி சரிந்து மறுபடியும் கடைசி இடம் வரை போனது. 2015 பிப்ரவரியில் அவரே பதவி விலகினார்.

பெரிய உயரக்காரர் கிடைத்ததால் வென்றார், இல்லாதபோது தோற்றார் என்பார்கள். பாதி சரி. ஆனால் அணி உடைந்துகொண்டிருந்த பருவத்தின் நடுவில், அதன் மிகப் பெரிய பெயரையே விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கியது துணிச்சலான முடிவு. அதை அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.

சொந்த மகனையே அணியில் எடுக்காமல் விட்டாராமே?

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஹோ உங், இளையவர் ஹோ ஹூன். இருவரும் யோன்செய் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள். 2014 டிராஃப்டில் கேசிசிக்கு நான்காவது தேர்வு. ஹோ உங்கை அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை. அப்பா கிம் ஜி-ஹூவின் பெயரைச் சொன்னார். அடுத்த தேர்விலேயே ஹோ உங்கை வோன்ஜு அணி எடுத்துக்கொண்டது.

வீட்டில் புயல் அடித்தது என்று குடும்பமே பின்னாளில் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டு பேசியிருக்கிறது. மகனை எடுத்திருந்தால் ஒவ்வொரு தோல்விக்கும் அந்தப் பையனின் பெயர் இழுக்கப்பட்டிருக்கும். அப்பாவின் நிழல் படாத ஊரில் வளர்ந்தது மகனுக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம். நிழலே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் போய்ச் சேர்ந்தது அப்பா ஆடிய வோன்ஜு!

தேசிய அணியில் ஏன் சர்ச்சை?

மகனை எடுக்காத அதே மனிதர் அங்கே மகன்களை எடுத்தார், அதனால்தான்.

முதலில் 2009, 2011. 2009 ஆசியப் போட்டியில் ஏழாம் இடம், கொரியாவுக்குப் பெரிய அவமானம். 2011-இல் சீனாவின் வூஹானில் மூன்றாம் இடம். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற காட்சி. சீனக் கீதம் ஒலித்தபோது உங்கள் வீரர்கள் ஏன் கொடியைப் பார்த்து நிற்கவில்லை என்ற பாணியில் ஒரு சீன நிருபர் கேட்க, இதெல்லாம் ஒரு கேள்வியா என்று பொரிந்துவிட்டு எழுந்து வெளியே போனார். கொரியாவில் அந்த வீடியோ இன்றும் சுற்றுகிறது.

பிறகு 2016 முதல் 2018 வரை. 2017 ஆசியக் கோப்பையில் மூன்றாம் இடம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு இரண்டு மகன்களும் அணியில் இடம்பெற்றார்கள். கொரியாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் என்பது வெறும் பதக்கமில்லை, இளைஞர்களின் ராணுவச் சேவையிலும் சலுகை தரும். எனவே கேள்வி காரமாக எழுந்தது. இளையவர் ஹோ ஹூனுக்கு ஆடும் வாய்ப்பு அதிகம் கிடைக்காததால் ‘பின் எதற்கு எடுத்தீர்கள்?’ என்று கேட்டார்கள். அரையிறுதியில் ஈரானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். செப்டம்பரில் அவர் பதவி விலகினார்.

இரண்டே ஆண்டில் அந்த ஹோ ஹூன் கேபிஎல்லின் சிறந்த வீரர் ஆனார். ஓர் ஆட்டத்தில் 24 புள்ளியும் 21 அசிஸ்டும் எடுத்தார். அதனால் அப்பாவின் கண் தப்பவில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. தேர்வு செய்பவரும் தேர்வு பெறுபவரும் ஒரே வீட்டில் இருந்தால் சரியான முடிவுகூடத் தவறாகத்தான் தெரியும். அந்த இடத்தில் அவர் ஒதுங்கியிருக்க வேண்டும்.

அதே 2018 ஜூலையில், சர்ச்சைக்கு முன், பியோங்யாங்கில் வட-தென் கொரிய நட்பு ஆட்டங்கள் நடந்தன. 2003-இல் வீரராகப் போன ஊருக்கு, 15 ஆண்டு கழித்துப் பயிற்சியாளராக மகன்களோடு போனார். எனக்குப் பிடித்த படங்கள் அந்தப் பயணத்தினுடையவை.

‘புல்னாக்’ என்று அவரைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள்?

கேசிசி பயிற்சியாளராக இருந்தபோது, தன் வீரர் மேல் நடுவர் ‘பிளாக்கிங்’ (எதிராளியை உடலால் மறித்தல்) ஃபவுல் கொடுத்துவிட்டார். ‘இது பிளாக்கா?’ என்று மூச்சுவிடாமல் திரும்பத் திரும்பக் கத்தினார் ஹோ ஜே. அவர் உச்சரிப்பில் ‘பிளாக்’ என்பது ‘புல்னாக்’ என்று காதில் விழுந்தது. புல்னாக் என்றால் மாட்டிறைச்சியும் ஆக்டோபஸும் போட்டுக் கொதிக்க வைக்கும் குழம்பு. ‘இது புல்னாக்கா?’ என்று நடுவரிடம் குழம்பைப் பற்றிச் சண்டை போடுவதுபோல ஆகிவிட்டது. ரசிகர்கள் விடுவார்களா?

தொலைக்காட்சிக்கு எப்படி வந்தார்?

2019 ஜூனில் ஜேடிபிசி தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ‘சேர்ந்தால்தான் உதைக்கலாம்’ என்பது அதன் பெயரின் பொருள். பல துறைகளின் பழைய ஜாம்பவான்களைச் சேர்த்து, அவர்களுக்குத் தெரியாத கால்பந்தை ஆடவைப்பது. கொரிய மல்யுத்தத்தின் லீ மான்-கி, பேஸ்பால் யாங் ஜுன்-ஹ்யோக், மாரத்தான் லீ போங்-ஜு, இவர்களோடு ஹோ ஜே. பயிற்சியாளர் ஆன் ஜங்-ஹ்வான், 2002 உலகக் கோப்பையில் இத்தாலியை வீட்டுக்கு அனுப்பிய கோலை அடித்தவர்.

ஹோ ஜேயைக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். சக வீரர் காலால் பின்னே தள்ளிய பந்தைக் கையால் எடுத்துவிட்டார். அது விதிமீறல் என்றே அவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கையால் பந்தைப் பிடித்தவருக்கு அது எப்படித் தெரியும்? பத்து ஆண்டு ஓரத்தில் நின்று மற்றவர்களைத் திட்டிய மனிதர், இப்போது திட்டு வாங்கி, தலையைச் சொறிந்து, மறுபடி போய் நின்றார். நாடு அவரைப் புதிதாகக் காதலித்தது அப்போதுதான்.

2021-இல் அதே குழு கூடைப்பந்து நிகழ்ச்சிக்கு மாறியது. இப்போது ஹோ ஜே தலைமைப் பயிற்சியாளர், ஆன் ஜங்-ஹ்வான் ஆட்டக்காரர். அணியின் பெயர்? ‘சாங்கம் புல்னாக்ஸ்’. அந்தப் பழைய குழம்புதான். 2022-இல் மகன்களோடு ஒரு தீவில் காலம் கழிக்கும் நிகழ்ச்சியும் வந்தது.

சோ ஜாங்-ஹூன், ஹ்யூன் ஜூ-யோப், இவர். மூவரையும் குழப்பிக்கொள்கிறேன்.

பலரும் குழம்புகிறார்கள். சோ ஜாங்-ஹூன் 207 செ.மீ. உயரக்காரர், 13,231 புள்ளிகளோடு கேபிஎல் சாதனை வைத்திருப்பவர். தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ‘தெரிந்த அண்ணன்கள்’ என்று பொருள்படும் நிகழ்ச்சியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். ஹ்யூன் ஜூ-யோப் 2017 முதல் 2020 வரை எல்ஜி அணியின் பயிற்சியாளர், நிறையச் சாப்பிடுவதற்காகவும் பெயர் பெற்றவர், புல்னாக்ஸ் அணியில் ஹோ ஜேக்குத் துணை. மூவரில் வயதில் மூத்தவர் ஹோ ஜே.

கேரட் அணி விவகாரம் என்ன?

2022-இல் கோயாங் ஓரியன் அணியை டேவன் என்ற நிறுவனம் வாங்கியது. ஹோ ஜே அதன் விளையாட்டுப் பிரிவின் தலைவர். அணியின் பெயர் கேரட் ஜம்ப்பர்ஸ். பணம் வரவில்லை. வீரர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. அந்த நிலையிலும் வீரர்கள், லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் அரையிறுதி வரை போனார்கள். 2023 ஜூனில் கேபிஎல் அந்த அணியை லீக்கிலிருந்தே நீக்கியது. அப்படி ஓர் அணி நீக்கப்பட்டது அதுதான் முதல் முறை. பொறுப்பு ஹோ ஜே மேலும் விழுந்தது, லீக்கில் அவருக்கு இனிப் பதவி இல்லை என்ற நிலை வந்தது. பணத்தைக் கையாண்டவர் அவர் இல்லை என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. ஆனால் அவர் முகத்தை நம்பித்தானே வீரர்களும் ஊரும் வந்தார்கள்? அவர்களுக்கு அது பெரிய காயம்.

மகன்கள் இருவரும் இறுதிப் போட்டியில் மோதினார்களாமே?

2024-இல். மூத்தவர் 2022-இலேயே அப்பாவின் பழைய கேசிசிக்கு மாறியிருந்தார். அந்தக் கேசிசி 2023-இல் பூசான் நகருக்கு இடம்பெயர்ந்தது, அப்பா கியாவோடு முதல் கோப்பை வென்ற அதே ஊர். பயிற்சியாளர், வோன்ஜுவில் அப்பாவை வழிநடத்திய ஜோன் சாங்-ஜின். எதிரே இளையவர் ஹோ ஹூனின் கேடி அணி.

லீக் சுற்றில் ஐந்தாம் இடம் பிடித்த கேசிசி 4-1 என்று வென்றது. ஐந்தாம் இடத்து அணி கோப்பை வென்றது அதுவரை நடக்காதது. சிறந்த வீரர் ஹோ உங். அப்பாவும் மகனும் அந்த விருதை வாங்கிய முதல் குடும்பம். ஆனால் தொடர் முழுக்க ஓய்வே இல்லாமல் ஆடி, புள்ளிகளைக் குவித்து, தோற்று, கடைசியில் அழுதுகொண்டு நின்றவர் ஹோ ஹூன். 1998 தெரிந்தவர்கள் அவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். பிறகு 2025-இல் அவரும் கேசிசிக்கே வந்துவிட்டார்.

அவர் போட்ட எண் எது?

9. வோன்ஜு அணி அந்த எண்ணை அவரோடு சேர்த்தே ஓய்வு கொடுத்துவிட்டது. 2014-இல் அங்கே போய்ச் சேர்ந்த ஹோ உங்குக்கும் அது கிடைக்கவில்லை. வேறு எண் போட்டுக்கொண்டுதான் ஆடினார்.